கடைசிச் சுழி

கணக்கை மூடும் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதும் அவள் தன் கையெழுத்தைப் போடாமல் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

போட்ட பிறகுதான் பார்த்தாள். அப்பா இறந்து இருபது நாள் ஆகிறது. இறப்புச் சான்றிதழ் மேசைமேல் கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே செத்தவரின் கையெழுத்து, மை காயாமல். இதைவிட அழகாக ஒருத்தி மாட்டிக்கொள்ள முடியுமா? எதிரே உட்கார்ந்திருந்த பெண் மேனேஜர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கிளையில் முப்பத்துநாலு வருஷம் அப்பா குப்பை கொட்டியிருக்கிறார். குமாஸ்தாவாக நுழைந்து, இதே அறையில் இதே நாற்காலியில் மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்தக் கையெழுத்தானாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், சட்டைப் பையில் இருக்கும் லென்ஸை எடுத்து இன்னொரு தரம் பார்ப்பார். கூடப்பிறந்த தம்பியின் செக்கையே திருப்பி அனுப்பிய மனுஷன். தாயில்லாத பெண்ணுக்குத் தினமும் தலை பின்னிவிட்டதும் அவர்தான். இரண்டு பின்னலும் ஒரே நீளமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் கேலி செய்தார்கள்.

எட்டாவது படிக்கும்போது கணக்கில் ஃபெயில். பேங்க் மேனேஜர் பெண் கணக்கில் ஃபெயில் என்றால் எந்த முகத்தோடு அட்டையை நீட்டுவது? ரேங்க் கார்டில் அவளே அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டாள். வருஷக் கடைசியில் கார்டு வீட்டுக்கு வந்தபோது அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"இது நான் போட்டதில்ல. கடைசிச் சுழிய நான் மேல கொண்டுபோய் நிறுத்துவேன். இது கீழ எறங்குது."

அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் தலை மட்டும் பின்னிவிட்டார். அதற்கு அடித்திருக்கலாம்.

அப்பேர்ப்பட்டவரின் கைதான் போன வருஷம் நடுங்க ஆரம்பித்தது. பென்ஷன் எடுக்க அவள் கொண்டுபோன சீட்டு திரும்பி வந்தது, 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்ற சிவப்பு வரியோடு. ஆயிரம் பேருக்கு அவர் எழுதிய அதே வரி. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவளுடைய மகள், அவர் பேத்தி, தினமும் வந்து ஆடும் பேங்க் விளையாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. அந்த விளையாட்டில் ஒரு பிஸ்கட் வேண்டுமென்றால் பேத்தி சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும், கோணலாக இருந்தால் பிஸ்கட் கிடையாது.

அடுத்த மாதம் அவர் போட்டுக் கொடுத்த சீட்டை அவள் பேங்க் வாசலில் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். புதுச் சீட்டில் தானே போட்டாள். கைக்கு இன்னும் பழக்கம் விட்டுப்போகவில்லை. சீட்டு பாஸ் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, "அப்பா, உங்க கையெழுத்து பாஸாயிடுச்சு" என்றதும் அவர் முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது.

"பாத்தியா? கை இன்னும் போகல."

அதிலிருந்து மாதாமாதம் அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போடுவார். "சுழி சரியா இருக்கா பாரும்மா" என்று நீட்டுவார். சரியா இருக்குப்பா என்று வாங்கிக்கொண்டு போய்க் கிழிப்பாள். இப்படிப் பதினொரு சீட்டு. வாழ்நாள் முழுக்கப் பொய்க் கையெழுத்தைப் பிடித்தவரைச் சாகிறவரைக்கும் ஏமாற்றிவிட்டோமே என்று இந்த இருபது நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை.

"அக்கா" என்றாள் மேனேஜர். அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். "இன்னைக்கு உங்க கையெழுத்து வேணும். இது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு."

ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒரு கடிதம். எழுத்து அவளுடைய மகளின் எழுத்து, கோடு போட்ட நோட்டுத் தாளில், நாலு இடத்தில் அடித்துத் திருத்தி.

'இனி என் கணக்கில் வரும் கையெழுத்து என் மகள் போடுவது. எனக்குத் தெரிந்து, என் சம்மதத்தோடு போடுகிறாள். எல்லாப் பொறுப்பும் என்னுடையது. எட்டாம் வகுப்பில் போட்டதைவிட இப்போது நன்றாகப் போடுகிறாள். கடைசிச் சுழி மட்டும் இன்னும் கீழே இறங்குகிறது. அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளவும். அவளிடம் சொல்ல வேண்டாம்.'

கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"மொத சீட்டு பாஸானதுமே எனக்கு போன் பண்ணித் திட்டினாரு. என் கையெழுத்த எப்படிம்மா பாஸ் பண்ணினே, நானே பண்ணமாட்டேனேன்னு. அந்தச் சீட்டக் கொண்டாரச் சொன்னாரு. லென்ஸ் வச்சுப் பாத்தாரு. அப்புறம் பேத்தியக் கூப்பிட்டு எழுதச் சொன்னாரு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க."

அவளுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் விரலெல்லாம் நீல மை. பேங்க் விளையாட்டு விளையாடினோம் என்றார். "தாத்தா கையப் பாழாக்கி வச்சிருக்கியேடி" என்று மகளை ஒரு அறை விட்டாள். அது வாயைத் திறக்கவில்லை. சோப்புப் போட்டு, நார் வைத்து, அந்தக் கட்டைவிரலை அவளே தேய்த்துக் கழுவினாள். அவர் கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் தெரிந்துகொண்டா மாதாமாதம் அந்தப் பாடு பட்டீர்கள்? நான் கிழிக்கப்போகிறேன் என்று தெரிந்தா சுழி சரியா என்று கேட்டீர்கள்? என் அப்பனே!

கைப்பையைத் திறந்து துழாவினாள். கடைசிச் சீட்டு இருந்தது. அவர் போட்டுக் கொடுத்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிவிட்டதால் கிழிக்காமல் தப்பியது. அதை மேசைமேல் வைத்தாள்.

"இத பாஸ் பண்ணுவியாம்மா?"

மேனேஜர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"மாட்டேன்க்கா. சார் இருந்தாலும் விடமாட்டாரு."

அவள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தது. பாதி வழியில் பேனா கோட்டைத் தாண்டி எங்கேயோ ஓடி, திரும்பி வந்திருந்தது. கடைசிச் சுழி மட்டும் நடுங்கி நடுங்கி மேலே போய், அங்கே நின்றிருந்தது.