பிற்பகல் 2.40: சம்பந்தி கோபப்படுவார்

ரௌஷான் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டவள். நாற்பத்திரண்டு வகுப்புகளும் எண்பது வாத்தியார்களும் ஒரே ஒரு உடற்பயிற்சிக் கூடமும் அவள் கிழித்த கட்டத்துக்குள்தான் மூச்சு விட்டன. ஒருமுறை வேதியியல் ஆசிரியைக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஐந்தாவது பீரியட் முடியட்டும் என்று அவள் சொன்னதாகவும், குழந்தை அதற்குக் கட்டுப்பட்டு ஆறாவது பீரியடில் பிறந்ததாகவும் அல்மாட்டியில் இன்றைக்கும் பேச்சு. அப்பேர்ப்பட்டவள் ஓய்வு பெற்ற பிறகு போட்ட முதல் அட்டவணை, வரப்போகிற சம்பந்தியைப் பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிப் போய்ச் சந்தி சிரிக்க வைப்பதற்கானது.

காரணம் இருந்தது. கணவர் போய் ஒன்பது வருடம். இருப்பது ஒரே மகள் தொக்ஜான், பல் மருத்துவர். நகரத்தில் இருபது லட்சம் பேருக்கு அறுபது லட்சம் சொத்தைப் பல் இருக்க, அவளுக்குப் பிடித்தது ஆரல் கடல் பக்கத்து ஒட்டகப் பண்ணைக்காரர் மகன் தார்கானை. கல்யாணம் முடிந்த கையோடு அங்கேயே போய்க் குடியிருக்கப் போகிறாளாம். ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும் கொஞ்சம். வேண்டாம் என்று ரௌஷான் வாயைத் திறந்தால் மகள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். பிடிவாதத்தில் அவள் அம்மாவுக்கு அம்மா. ஆகவே சம்பந்தம் முறிய வேண்டும், ஆனால் முறித்தவர்கள் அவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் வருவது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்துவிட்டால் எல்லாம் கைமீறிப் போய்விடும். நடுவில் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

நல்லவேளையாக, வீடு தேடி வந்த சம்பந்தியைப் பாடாய்ப் படுத்துவது கசாக்குகளின் வழக்கம். பெண் வீட்டுப் பெண்கள் என்ன செய்தாலும் சம்பந்தி சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் கெட்ட பேர் அவருக்கு. கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அத்தோடு சம்பந்தமும் போச்சு.

இந்தக் கலையில் ரௌஷானின் மூத்த ஓரகத்தி உல்பாலாவை அடிக்க மூன்று மாவட்டத்தில் ஆள் இல்லை. தன் காலத்தில் பதினேழு சம்பந்திகளைத் தூங்கும்போது மெத்தையோடு சேர்த்துத் தைத்தவள். அதில் ஒருவர், தையல் பிரிக்க முடியாமல், மெத்தையோடுதான் ஊருக்கு ரயிலேறினார். இன்னொருவருக்குப் பெண் வேஷம் கட்டிச் சந்தைக்கு அனுப்பியதில் இரண்டு பேர் பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

அந்த உல்பாலா சமையலறையில் உட்கார்ந்து பொரித்த மாவு உருண்டையான பௌர்சாக்கைப் பாலாடையில் தோய்த்துத் தோய்த்து விழுங்கிக்கொண்டிருக்க, ரௌஷான் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அவள் சொன்ன காரணம் இது: சம்பந்தி ஓமிர்சக்கின் ஊரில் தரை தோசைக்கல் மாதிரி. அங்கே ஆகப்பெரிய உயரம் ஒட்டகத் திமில். நேற்று ஓடிப்போன ஒட்டகத்தை நாளை மறுநாள் வரைக்கும் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மனிதரை நகரத்துக்கு மேலே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து ரோப் காரில் மூவாயிரத்து இருநூறு மீட்டருக்குத் தூக்கினால் என்ன ஆகும்?

அட்டவணையில் எல்லாமே இருந்தது. பதினொன்றுக்குக் காலணி, அளவில் ஒன்று குறைவாக. பதினொன்று இருபதுக்கு வாடகை உடை, ரோஜா நிறம், பெண்களுடையது, முயல் காது வைத்த தொப்பியுடன். பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாக வேறு சரிவுக்கு. சம்பந்தியம்மாவைக் கீழே தேநீர்க் கடையில் உல்பாலா பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணிக்கு ரோப் கார். குழந்தைகள் சறுக்குகிற மேட்டுக்கு என்று சொல்லிவிட்டு உச்சிக்கு. இரண்டு நாற்பதுக்கு, சம்பந்தி கோபப்படுவார். மூன்று மணிக்குத் தேநீர்.

உல்பாலா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"ஏண்டி ரௌஷான், அவர் எப்பக் கோபப்படணும்னுகூடவா எழுதுவ? கோபப்படாம இருக்கிறதுதானே விளையாட்டே."

"இவர் படுவார், அக்கா."

உல்பாலாவுக்கு இது விளையாட்டு இல்லை என்று புரிந்துவிட்டது. இன்னொரு பௌர்சாக்கை எடுத்துக்கொண்டு, அப்படியானால் காலணி ஒரு அளவு போதாது, இரண்டாகக் குறைக்கச் சொல் என்றாள்.

வியாழக்கிழமை ஓமிர்சக் வந்தார். முதலில் அவர் வயிறு வந்தது, இரண்டு நிமிடம் கழித்து அவர் வந்தார், பின்னால் மனைவி கன்ஷைம், அதற்கும் பின்னால் ஒரு பீப்பாய் புளித்த ஒட்டகப்பால். அவர் சிரித்தால் அலமாரியில் கோப்பைகள் ஒரு விரற்கடை நகர்ந்தன. அன்றைக்குத் தேநீரில் உப்பை அள்ளிப் போட்டார்கள். அவர் குடித்துவிட்டு, ஊர்த் தண்ணி மாதிரியே இருக்கு என்று இன்னொரு கிண்ணம் கேட்டார். வெள்ளிக்கிழமை மெத்தையோடு தைத்தார்கள். தைத்த மெத்தையைத் தோளில் போர்த்திக்கொண்டே வந்து காலை உணவுக்கு உட்கார்ந்தார். முகத்தில் மாவைப் பூசினால், மிச்சத்தை மீசைக்கு அவரே பூசிக்கொண்டார். இந்த மனிதருக்குக் கோபம் என்ற உறுப்பையே வைக்காமல் படைத்துவிட்டார்களோ என்று ரௌஷானுக்குச் சந்தேகம் வந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் அவர் தொக்ஜானிடம், வீட்டை ஒட்டியே பல் ஆஸ்பத்திரிக்கு ஓர் அறை கட்டி முடித்தாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று, நாற்காலி வந்து இறங்குவதுதான் பாக்கி என்றார். மகளின் முகம் விளக்கு மாதிரி ஆனது. ரௌஷான் எழுந்து போய், அட்டவணையில் இரண்டு நாற்பதுக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாள்.

சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. காலணிக்குள் அவர் காலைத் திணிக்க இரண்டு ஆள் தள்ள, ஒரு ஆள் இழுக்க வேண்டியிருந்தது. ரோஜா நிற உடையில் அவர் நின்றதைப் பார்த்து, பல் முளைக்காத குழந்தையிலிருந்து பல் விழுந்த கிழவர் வரை மலையே சிரித்தது. ஒரு ஜெர்மன்காரர் சிரித்த சிரிப்பில் தன் குச்சியைத் தானே மிதித்து ஒடித்துக்கொண்டார். ஓமிர்சக் முயல் காதுகளை நிமிர்த்திவிட்டு, இதைப் படம் எடுத்து அனுப்புங்கள், என் ஒட்டகங்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

இரண்டு மணிக்கு ரோப் கார் கிளம்பியது. உள்ளே அவர்கள் இரண்டே பேர். குழந்தைகளின் மேடு கீழே நழுவிப் போனது. அப்போதுதான் ரௌஷான் கவனித்தாள்: அவர் சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடி, உட்கார்ந்திருந்த இருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மீசை மட்டும் ஆடியது. கணவர் போன இந்த ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

உச்சியில் இறங்கியதும் அவர் அவள் பக்கமாகக் குனிந்தார்.

"சம்பந்தியம்மா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு உசரம்னா பயம். சின்ன வயசுலேருந்தே. வைக்கோல் போர் மேலகூட ஏற மாட்டேன். இதே வண்டியில கீழ போயிடலாமா?"

கோபத்தை எதிர்பார்த்து வந்தவள் கையில் பயத்தைக் கொடுத்துவிட்டார். மணி இரண்டு இருபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு, இந்த வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு வருமே தவிர இறக்கிக்கொண்டு போகாது என்றாள். அவர்களுக்குப் பின்னாலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டி கீழே போனது. அவர் பார்க்கவில்லை; கண்ணைத் திறந்தால்தானே.

"அப்ப எப்படிப் போறது?"

"சறுக்கித்தான், சம்பந்தி."

"நிக்கணும்னா?"

"சறுக்குப் பலகை ரெண்டையும் ஒட்டினாப்புல நேராக் கீழ பாத்து வெச்சுக்குங்க. தானா நிக்கும்."

முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அப்படி வைத்தால் எது நிற்குமோ தெரியாது, பலகை நிற்காது என்று. இந்த இடத்தில் அவர் கோபப்பட வேண்டும், பலகையைக் கழற்றி எறிந்து, இதெல்லாம் ஒரு சம்பந்தமா என்று கத்த வேண்டும் என்பது திட்டம். அவர், நல்லது சம்பந்தியம்மா என்றார். பலகைகளை ஒட்டினாற்போல நேராகக் கீழே பார்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நூற்று முப்பது கிலோ ரோஜா நிறம், முயல் காது இரண்டும் பின்னால் பறக்க, மலையிலிருந்து இறங்கியது. பயிற்சி செய்துகொண்டிருந்த தேசிய அணியை முந்தியது. அவர்களுடைய பயிற்சியாளர் நேரம் பார்க்கும் கடிகாரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஒரு பனிமேட்டில் ஏறி அவர் காற்றில் இருந்த நேரத்தில், கீழே தேநீர்க் கடையில் கன்ஷைம் ஒரு கிண்ணம் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அதோ ஏதோ ரோஜா நிறத்தில் பறக்கிறதே, இங்கெல்லாம் அப்படி ஒரு பறவை உண்டா என்று உல்பாலாவைக் கேட்டாள். மூன்று பாதுகாப்பு வலைகளைத் தாண்டி நான்காவதில் போய் அவர் மாட்டினார். வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

ரௌஷான் நெளிந்து நெளிந்து சறுக்கி வந்து சேர்ந்தபோது அவர் முகம் பனியைவிட வெளுத்திருந்தது.

"சம்பந்தியம்மா, நீங்க சொன்ன மாதிரிதான் வெச்சேன். நிக்கலையே" என்றார். சிரிக்க ஆரம்பித்து, பாதிச் சிரிப்பில் மயக்கமானார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தொக்ஜான் அம்மாவின் மேல்கோட்டைக் கையில் வைத்திருந்தாள். கைக்குட்டை தேடிப் பைக்குள் கைவிட்டவள், நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கட்டம் கட்டமாகப் படித்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா, பத்து வருடம் அதைப் பார்த்துத்தானே பள்ளிக்கூடம் போனாள். பிறகு மீட்புக் குழு கொடுத்துப் போன சீட்டை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். குரலே உயரவில்லை.

"அம்மா, அஞ்சு நிமிஷம் முன்னாடியே விழுந்துட்டார். அட்டவணையைத் திருத்திக்கோ."

ரௌஷான், இது விளையாட்டு, சம்பந்தி விளையாட்டு, காலம் காலமாக நடப்பது, வேண்டுமானால் பெரியம்மாவைக் கேள் என்றாள். பெரியம்மா உல்பாலாவோ சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தை, நாளைக்குப் பரீட்சை இருப்பவள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொக்ஜான் காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, மாமா, உங்களுக்கு அம்மா மேல் கோபமா என்று கேட்டாள். ரௌஷான் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஆம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிடும்.

"சம்பந்தி மேல கோபமா? அது எங்க வம்சத்துலயே கிடையாதும்மா" என்றார் ஓமிர்சக்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, அத்தை? தோட்டை இப்பவே போடுங்க."

கன்ஷைம் அழுதுகொண்டே போட்டாள். பக்கத்துக் கட்டில்களில் கை ஒடிந்தவர்களும் கால் ஒடிந்தவர்களும் கைதட்ட முடிந்த அளவுக்குத் தட்டினார்கள்.

பாக்கியை ஒட்டகங்கள் பார்த்துக்கொண்டன. பண்ணையில் இருநூற்று அறுபது ஒட்டகம், கன்று போடுகிற மாதம் அது, பெரியவரோ படுக்கையில். தார்கான் உடனே கிளம்பியாக வேண்டும். தொக்ஜான் தானும் கிளம்புவதாகச் சொன்னாள். விருந்து இல்லை, பாட்டு இல்லை, பெண்ணை வழியனுப்பும் சடங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை மௌலவி வீட்டுக்கு வந்து நிக்காஹ் ஓதினார். புதன்கிழமை ரயில்; பண்ணையைப் பார்க்கக் கன்ஷைமும் அவர்களோடு கிளம்பினாள். மேடையில் ரௌஷான் கட்டிப்பிடித்தபோது மகள், கோட்டு மாட்டுகிற ஆணி மாதிரி நின்றாள்.

ரௌஷான் தனியாக வீடு திரும்பவில்லை என்பதுதான் இதில் விசேஷம். காலில் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய மனிதர் மூன்று மாதம் ரயிலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள், சம்பந்தியைத் தவிர? ரௌஷான் வாயைத் திறப்பதற்கு முன்பே உல்பாலா, எங்கள் வீடு எதற்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்ன எங்கள் வீடு ரௌஷானுடையது. ஓமிர்சக்கைத் தொக்ஜானின் அறையில் படுக்க வைத்தார்கள். மகளின் கட்டில் அவருக்குப் போதவில்லை. தலைமாட்டில் மகளின் படிப்பு மேஜையை அறுத்து ஒட்டுப் போட்டார்கள்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வராவிட்டால் ஆரல்காரர்களுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு ரயிலிலும் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் குதிரைக்கறி வெந்தாக வேண்டும். உல்பாலாவும் தினமும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சம்பந்தியோடு சேர்ந்து கோப்பைகள் நகரச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அடுப்பு அணையவே இல்லை. இடுப்பு வலிக்கிறது என்று ரௌஷான் ஒருநாள் முனகியபோது, ஓமிர்சக் கண் கலங்கி, உங்களை மாதிரி சம்பந்தி யாருக்குக் கிடைக்கும் என்றார்.

மாலை ஆறு மணிக்குத் தொக்ஜான் கூப்பிடுவாள். அம்மாவின் எண்ணுக்கு அல்ல, மாமனாரின் எண்ணுக்கு. அவர் போனை வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துக்கொள்வார். அங்கே பல் ஆஸ்பத்திரி அறைக்கு நாற்காலி வந்துவிட்டதாம். முதல் நாளே நாற்பது பேர் வரிசையில். ஒரு ஒட்டகக் கன்றுக்குத் தொக்ஜான் என்று அவள் பேரையே வைத்திருக்கிறார்களாம். சூப்புக் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பின்னால் நிற்கிற ரௌஷானுக்கு, அவர் தோளுக்கு மேலாக மகளின் நெற்றியும் ஒரு காதுத் தோடும் தெரியும். மகளுக்கும் அவள் தெரிவாள்.

"அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க, மாமா."

அவர் சிரமப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, ஒரு கை தூரத்தில் நிற்பவளிடம் சொல்வார்:

"சம்பந்தியம்மா, தொக்ஜான் உங்களைக் கேட்டதாச் சொல்றா."

தானும் கேட்டதாகச் சொல்லும்படி ரௌஷான் சொல்வாள். அவர் அதையும் ஒரு வார்த்தை குறையாமல் சொல்லுவார்.