இரண்டாம் நம்பர் கவுண்டர்

அம்மா இறந்து இரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் வாங்க மகள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கண்விழித்த அசதி இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. வரிசையில் முன்னால் பதினான்கு பேர். மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்றைத்தான் காணோம்.

இதே இரண்டாம் நம்பர் கவுண்டரில்தான் அம்மா முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பிறந்தவர், போனவர் யாருமே அவள் பேனாவுக்குத் தப்பவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களை நிற்க விடமாட்டாள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள். டப்பா பாதி அப்படியே வீடு திரும்பும். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மகளுக்கோ இழுப்பு. விடிய விடிய நெஞ்சைத் தடவிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு டாணென்று கவுண்டரைத் திறந்துவிடுவாள்.

மகளுக்கு அதில் பெருமை இருந்ததில்லை. வேலைக்குப் போய் மூன்றே வருஷத்தில் மேனேஜரான திமிரில் ஒருநாள் கேட்டேவிட்டாள்:

"உன்கூடச் சேந்தவங்கல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. நீ மட்டும் அதே நாற்காலியத் தேச்சுக்கிட்டு இருக்கியேம்மா, வெக்கமா இல்ல?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நம்ம சாமர்த்தியம் அவ்வளவுதான்டி" என்றாள்.

வரிசையில் நின்றவளைப் பதிவாளர் அம்மாள் பார்த்துவிட்டார். "அக்காவோட பொண்ணுதானே நீ? இங்க ஏன் நிக்கிறே?"

அவளை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். அம்மாவிடம் வேலை கற்றவர். படிவத்தைத் தானே நிரப்பினார். 'தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"கிளார்க்குன்னு எழுதக் கை வரமாட்டேங்குது. என் எடத்துல உக்கார வேண்டியவங்க. மூணு தடவை பதவி உயர்வு வந்துச்சு. மூணையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"வேணாம்னா? எதுக்கு?"

"உனக்குத் தெரியாதா? எல்லாமே வெளியூர். உனக்கு மூச்சு முட்டுனா ஓடி வர்ற டாக்டர் இங்கதானே இருந்தார். மூணாவது தடவை நானே சண்டை போட்டேன், 'பொண்ணுக்குத்தான் குணமாயிடுச்சே, போங்கக்கா'ன்னு. 'இது அவளுக்குக் கடைசிப் பரீட்சை வருஷம், வீட்ல ஆள் வேணும்'னுட்டாங்க."

மகள் மனதுக்குள் வருஷங்களை எண்ணிப் பார்த்தாள். நாற்காலியைப் பற்றி அவள் கேட்டது அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மேடம்."

"சொல்ற ஆளா அவங்க!"

அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். கணவன் போன் செய்தான்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, நின்றது, போனது. அடுத்ததும் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.