வொலியூம் மூன்று

"மூணுக்கு மேல திருப்ப மாட்டியாடா? திருப்பித்தான் பாரேன்!"

"இதே போதும் நிலு. சவுண்டு அழகா வருதுல்ல?"

அழகாகத்தான் வந்தது. வினையே அதுதான். பதுளையில் இசைக்கருவி விற்கும் கடை. ஜொனி முக்காலியில் உட்கார்ந்திருந்தான், மடியில் கிட்டார், முன்னால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ஆம்ப், இரண்டு. ஒன்று புதிது, பத்து வாட்ஸ், சோற்றுப்பானை அளவு. மற்றது பாவித்தது, நாற்பது வாட்ஸ், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், மூலையெல்லாம் உரிந்து, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. டியூப் வைத்த விலை கூடிய ஆம்ப் எங்கள் கனவிலும் வராது. டிரான்சிஸ்டரில் ஓடும் இந்த இரண்டில் ஒன்றுதான். பண்டாரவளையில் பத்து மாதம் மரக்கறி மூட்டை தூக்கிச் சேர்த்த காசு அவன் சட்டைப்பைக்குள் இருந்தது.

எல்லயில் ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கும் ஒரு பேண்டுக்கு கிட்டார்காரர் தேவை. வியாழக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். ஆம்ப் அவரவர் கொண்டுவர வேண்டும். அவனை எடுத்துக்கொண்டால் ஜொனி எங்கள் ஊர் பூனாகலையிலேயே இருந்து வாசிக்கப் போய் வரலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு, அவன் மாமா வேலை செய்யும் சீமெந்துக் களஞ்சியம். மாமா படுக்க இடம்கூடப் பார்த்துவிட்டார்.

நான் இரண்டு வாரமாக ஃபோனில் ஆம்ப் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். "பெருசு எடுடா" என்றுதான் முதலில் சொன்னேன். பெரியதை அவன் இரண்டில் வைத்து வாசித்தான். போர்வைக்குள் யாரோ பேசுவது போல இருந்தது. சின்னதை இரண்டில் வைத்தான். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது.

கடைக்காரர் கிருஷ்ணராஜே சொன்னார்: "தம்பி, பரவால்ல, சத்தமா வச்சுப் பாருங்க."

ஜொனி திரும்பிப் பார்த்தான். கடையில் வேறு இரண்டே இரண்டு பேர். "இல்லங்க, ஆளுங்க இருக்காங்க."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்ட லயத்தில் அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாத சுவர். அவன் தும்மினால் நாங்கள் சாமியைக் கூப்பிடுவோம். பதினொரு வயதில் அவன் கிட்டாரைத் தொட்டதிலிருந்து எங்கள் அம்மா றோசாலி கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பார். "டேய் ஜொனி! விடிஞ்சா பெரட்டுக்கு ஓடணும், பேர் கூப்புடுறப்ப நான் தூங்கிட்டு நிக்கவா? ஒன் பாட்ட ஒன் காதுக்கு மட்டும் வாசி!" அவனும் அப்படியே பழகிவிட்டான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கடையில் அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. "சரிடா, சின்னதையே எடு" என்று கடைசியில் சொன்னது நான்தான்.

வியாழக்கிழமை எல்லயில் ஒரு தகரக் கொட்டகை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கினார். ஜொனி மூன்றில் வைத்து ஆரம்பித்தான். பாதிப் பாட்டில் பேண்டுத் தலைவர் ஜெயகுமார் கையைக் காதில் வைத்தார்.

"தம்பி, கிட்டார் எங்க?"

"வாசிக்கிறேங்க."

"கை ஆடுது, தெரியுது. ஊமைப் படமா ஓட்டுறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜொனியும் சிரித்தான். ஐந்துக்குத் திருப்பினான். பிறகு ஏழு. பிறகு பத்து. வாழ்க்கையிலேயே முதல் தடவை. அந்தக் குட்டிப் பெட்டி கரகரவென்று தகரத்தை இழுப்பது போலக் கத்தியது. டிரம்ஸ் அதையும் விழுங்கிவிட்டது. கடையில் ஒரே ஒரு முறை பத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜெயகுமார் மோசமான ஆள் இல்லை. "விரல் நல்லா ஓடுது தம்பி. ஆனா இந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு கல்யாண வீட்டுல ஒண்ணும் செய்ய ஏலாது. ஞாயித்துக்கெழம இன்னொரு பையன் வர்றான். அதுக்குள்ள சத்தம் வர்ற மாதிரி கொண்டாந்தா, இன்னொருக்கா கேக்குறேன்."

வெள்ளிக்கிழமை கடைக்கு ஃபோன் பண்ணினேன். "பாவிச்சுட்டீங்களே தங்கச்சி, எப்படித் திருப்பி எடுக்குறது? அந்தப் பெருசும் நேத்தே போயிருச்சு."

இன்று சனிக்கிழமை. ஆம்ப் அவன் கட்டிலுக்கடியில். ஜொனி பையில் உடுப்பு அடுக்குகிறான். பையின் ஜிப் இழுபடும் சத்தம்கூட இங்கே கேட்கிறது. அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன்டா, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?"

"ஒங்களுக்குத் தூக்கம் கெடும்ல அத்த."

அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே கழுவிய கரண்டியை.

என்னால் உட்கார முடியவில்லை. திரும்பவும் வீடியோ பார்த்தேன். ஒருவர் இதே மாதிரிக் குட்டி ஆம்புக்கு முன்னால் மைக்கை வைத்து, அதைப் பெரிய ஸ்பீக்கர்களில் விடுகிறார். கோயிலில் மைக் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். ஸ்டாண்டின் கழுத்து உடைந்து கயிற்றால் கட்டியிருக்கிறது, ஆனாலும் நிற்கும். பாடுகிறவருக்காக அந்தப் பேண்டிடம் மிக்சரும் பெரிய பெட்டிகளும் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஜொனி தலையை நிமிர்த்தவில்லை. "ஆம்ப் கொண்டா-ன்னாரு. கோயில் மைக்கத் தூக்கிட்டுப் போயி இன்னொருக்கா சிரிப்பு வாங்கச் சொல்றியா? விடு நிலு. மாமாகிட்ட வாறேன்னு சொல்லியாச்சு."

எல்லக்குப் போகும் பஸ் நாளை காலை ஆறரைக்கு. மைக்கை நான் எப்படியும் வாங்கிவிடுவேன், அவனையும் இழுத்துக்கொண்டாவது போவேன். ஆனால் போய் அங்கேயும் கேட்காவிட்டால், அவன் இனிமேல் கிட்டாரைத் தொடவே மாட்டான். வொலியூமை அவனுக்குப் பழக்கமான மூன்றிலேயே விட்டு, மைக்கை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டி வைத்தால், அந்த டிரம்ஸை மீறிக் கேட்கும்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கேட்குமா?