அவள் வசமிருந்த பிரேக்

கிளட்ச் பிளேட் கருகிய நாற்றம் ஷெட்டை விட்டுப் போவேனா என்று நின்றது. மெக்கானிக் லாரிக்கு அடியிலிருந்து முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்து, கருத்துப்போன பிளேட்டை டிரைவரின் காலடியில் போட்டான்.

"பாத்துக்கோங்கண்ணே. இதுவும் போய்ச் சேந்துடுச்சு."

டிரைவர் பிளேட்டைக் காலால் புரட்டிப் பார்த்தான். சிமெண்ட் யார்டில் அவனுக்கு ஊமையன் என்று பெயர். லோடு ஏற்றுகிறவர்கள் பத்து வார்த்தை கேட்டால் ஒரு தலையாட்டல் கிடைக்கும். அவன் வாய் திறக்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. லாரியின் கேபின். அங்கே பேசிப் பேசிப் பொண்டாட்டியின் காதைப் புண்ணாக்கிவிடுவான் என்பது யார்டில் யாருக்கும் தெரியாது.

சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, ஹேண்ட் பிரேக்கை எடுக்காம வண்டிய நகத்துறது உனக்கு என்ன பொழுதுபோக்கா? நேத்து ஸ்டியரிங் புடிச்சவன்கூட இதைச் செய்யமாட்டான். இத்தனை வருஷம் குப்பை கொட்டுனியே, அவ்வளவும் தலைமுடி நரைக்கத்தானா?"

"சார், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். கிளப்பத்தான் தெரியாது. அது அண்ணி டிபார்ட்மெண்ட்" என்றான் மெக்கானிக்.

ஷெட்டே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "இன்னொரு பிளேட் கருகட்டும். சாவியைக் குடுத்துட்டு எடைமேடையில போய் உக்காந்துக்க. அங்க எதுவும் நகராது. உனக்கு அதான் சரி."

மெக்கானிக் சொன்னதில் பொய் இல்லை. வெகுகாலம் முன்பு, டிரைவரின் பொண்டாட்டி லாரியில் கூட வர ஆரம்பித்த புதிதில், ஒரு லாரி நிறுத்தத்தில் டீ குடித்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான். எடுத்த வேகத்தில் அவள் எட்டி, டேஷ்போர்டின் நடுவில் இருந்த மஞ்சள் ஹேண்ட் பிரேக் பட்டனை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். லாரி குலுங்கி நின்றது. அவன் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. கெட்ட வார்த்தை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினால், அவள் பக்கத்துப் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு நாய் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு ஏறி வந்தான்.

"நான் பாக்காத பக்கம் உன்னோடது. பட்டனை நீயே வெச்சுக்க" என்றான்.

அன்று முதல் அப்படித்தான். அவள் பக்கத்துப் பெரிய கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை மாட்டி, அவள் கண்ணுக்குத் தோதாகத் திருப்பி வைத்தார்கள். அவன் இஞ்சினைக் கிளப்பி, பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை காத்திருந்து, கியர் போட்டு, "போலாமா?" என்பான். அவள் வட்டக் கண்ணாடியைப் பார்ப்பாள். "ம், போலாம்" என்று பட்டனைக் கட்டைவிரலால் அமுக்குவாள். புஸ்ஸென்று காற்று வெளியேறும். அவன் கிளட்சிலிருந்து காலை எடுப்பான். கோபமாக இருக்கிற நாளில் "போலாம்" வராது, புஸ் மட்டும் வரும்.

இப்போது அவள் முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவிப் படுத்திருக்கிறாள். அவன் மட்டும் வண்டியில். கியரைப் போட்டு, பழக்கதோஷத்தில் "போலாமா?" என்கிறான். கேட்டுவிட்டால் போதும், அவள் சொல்வதும் அவன் காதில் விழுந்துவிடுகிறது. சொல்லாத பதிலை நம்பிக் காலை எடுத்துவிடுகிறான். லோடோடு நிற்கிற லாரி பிரேக்கில் முட்டிக்கொண்டு உறுமுகிறது. முக்கால்வாசி நாள் உடனே சுதாரித்து, தன்னையே திட்டிக்கொண்டு உள்ளங்கையால் பட்டனை ஓங்கி அறைவான். மீதி நாள் வண்டிதான் இழுக்கவில்லை என்று நினைத்து ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பான். கிளட்ச் கருகுவது அப்படித்தான்.

பிளேட் மாற்ற மத்தியானம் ஆகும் என்றார்கள். அவன் வீட்டுக்கு நடந்தான். வீடு என்பது யார்டின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறை. சிமெண்ட் தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அவள் பலகையில் மல்லாந்து கிடந்தாள்.

"கருகுச்சா? நாத்தம் உங்களுக்கு முன்னாடி வருது" என்றாள்.

"ம்."

"போலாமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"யாரு பதில் சொன்னா?"

அவன் தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவளிடம் நீட்டினான். "நீதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி வெட்டியது. பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, உசுரு போவுது. காலைல உங்க வண்டி உறுமுறது இங்க கேட்டுச்சு. புஸ்ஸுங்கிற சத்தம் மட்டும் வரல. படுத்த இடத்துலேயே 'எடுங்க, எடுங்க'ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டக்கா என்னமோ ஏதோன்னு கரண்டியோட ஓடி வந்துட்டாங்க."

"சத்தமாக் கத்தியிருக்கலாம்ல."

"செவுத்துக்குத்தான் காது இருக்கு. உங்களுக்கு எங்க?"

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவள் ஒருக்களித்துப் படுத்து, மெதுவாக மென்றாள். பிறகு கேட்டாள். "மெத்தை கொண்டாந்தீங்களா?"

அவள் சீட்டின் மெத்தை. பழைய போர்வைகளை மடித்து அவளே தைத்தது. முதுகுக்கு அண்டை கொடுக்க வேண்டும் என்று படுத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்."

"பிரேக்கை மறக்கிறீங்களே, அது நிஜம். மெத்தையை மறக்கிறது பொய்."

அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "நீ திரும்ப ஏறும்போது வெறும் சீட்டுல எப்படி உக்காருவ?"

"நான் ஏறப் போறதில்லங்க."

"டாக்டர் பாக்கலாம்னு சொன்னாரே."

"உங்ககிட்ட பாக்கலாம்னார். நீங்க மருந்து வாங்க வெளிய போனப்புறம் என்கிட்ட வேணவே வேணாம்னுட்டார். லாரி சீட்டுல இனிமே உக்காந்தா நடக்கிறதும் போயிடுமாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஏதோ ஒரு லாரி புஸ்ஸென்று மூச்சுவிட்டுக் கிளம்பியது. இருவரும் அது போகும்வரை கேட்டார்கள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மெத்தையை அன்னிக்கே கொண்டாந்து போட்டிருப்பீங்க." அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுக்கிட்டே இருந்தாலும், கொஞ்ச நாள் அது அங்கயே கிடக்கட்டும்னு எனக்கும் இருந்துச்சு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? படுத்துக்கிட்டே எத்தனை தடவை அந்த ஏணிப்படியில ஏறியிருப்பேன், தெரியுமா? இப்போ முதுகு கேக்கல. போய் எடுத்துட்டு வாங்க. எடைமேடையில உங்களை உக்கார வெச்சுட்டா, நான் இங்க எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கிறது?"

அவன் கை கழுவினான். எழுந்து போனான். ஷெட்டில் மெக்கானிக், "ரெடிண்ணே, இதையாவது கருக்காம..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டிரைவர் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து மெத்தையை எடுத்தான். அடியில் ஒரு கொண்டை ஊசியும் கடலைத் தோலும் இருந்தன. ஊசியைச் சட்டைப்பையில் போட்டான். தோலைத் தட்டிவிட மனசு வரவில்லை. மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி வீட்டுக்கு நடந்து, அவள் முதுகுக்கு அண்டையாக வைத்தான். அவள் கண்ணை மூடி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"டீசல் நாத்தம்" என்றாள் ஆசையாக.

லோடு ஏறியது. சூப்பர்வைசர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லோடு ஏற்றுகிறவர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். இஞ்சின் ஓடியது. காற்று முள் மேலே ஏறியது. அவன் கியரைப் போட்டான்.

"போலாமா?"

வாய் கேட்டுவிட்டது. பக்கத்தில் ரெக்சின் கிழிந்த வெறும் சீட்டு. நடுவில் குழி. பதில் வரவில்லை. இவ்வளவு நாளில் முதல் தடவையாக வரவில்லை.

அவன் கழுத்தை வளைத்து வட்டக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் வானமும் தார்ப்பாயின் ஒரு மூலையும்தான் தெரிந்தன. அது இன்னும் அவள் கண்ணுக்குத்தான் திரும்பியிருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இறங்கி, சுற்றிப் போனான். "இப்ப என்னய்யா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். துருப்பிடித்த கண்ணாடித் தண்டு முரண்டு பிடித்தது. கொஞ்சம் திருப்புவதும், ஓடிவந்து சீட்டில் ஏறிப் பார்ப்பதும், மறுபடி இறங்கித் திருப்புவதுமாக, கடைசியில் பின்சக்கரம் தெரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, நாய் இல்லை.

கியரை மறுபடி போட்டுவிட்டுப் பட்டனைப் பார்த்தான். விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறான், அறைந்திருக்கிறான். பார்த்ததில்லை. நடுவில் ஏதோ எழுத்து பொறித்திருந்திருக்க வேண்டும். அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து அந்த இடம் வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது. அவன் தன் கட்டைவிரலை அதில் வைத்தான். குழி சின்னதாக இருந்தது. விரல் முழுக்க அடங்கவில்லை.

அமுக்கினான். புஸ்ஸென்ற சத்தம் யார்டின் பின்சுவரைத் தாண்டிப் போனது.

கிளட்சிலிருந்து உடனே காலை எடுக்கவில்லை. சத்தம் அங்கே போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு மேலேயே காத்திருந்தான். பிறகு "ம், போலாம்" என்று தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.