பழைய சாக்கெட்

கடையில் அவளுக்கு சாக்கெட் அக்கா என்று பெயர். கம்ப்யூட்டர் ஒன்று சேர்த்துத் தரச் சொல்லி யாராவது வந்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். மதர்போர்டில், கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான ப்ராசசர் உட்காரும் சதுரமான இடத்துக்குத்தான் சாக்கெட் என்று பேர். அது புது மாடலாக இருந்தால், நாலைந்து வருஷம் கழித்தும் புதிதாக வருகிற ப்ராசசரை வாங்கி அதிலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய மாடல் என்றால் வைத்ததோடு சரி, அதற்குமேல் வழி கிடையாது. "இன்னிக்கு ஓடுதான்னு பாக்காதீங்க சார், இன்னும் நாலு வருஷம் கழிச்சு எதைப் போடலாம்னு பாருங்க" என்று ஆரம்பித்தால், கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டாள். முதலாளியே ஒரு தடவை குறுக்கே வந்து, "ஏம்மா, அவர் மவுஸ் வாங்க வந்தவரு" என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்டவள்தான் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையின் பின்னறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மதர்போர்டு வாங்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

போர்டு தம்பிக்கு. அவனுக்கு இருபத்து மூன்று வயது, ரத்தத்தில் நோய். இரண்டு வருஷமாக மாத்திரைகள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தன. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் வார்டில் சேர வேண்டும். போன தடவை வார்டில் அவன் லேப்டாப்பைத் திறந்து விளையாட உட்கார்ந்தபோது, அதன் விசிறி போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டு, "இதென்ன மிக்ஸியா?" என்று கேட்டார். அன்றைக்கே தம்பி முடிவு செய்துவிட்டான். செருப்பு டப்பா அளவில், தோள்பையில் தூக்கிப்போகிற மாதிரி, கட்டிலோரத்து மேஜையில் சத்தமில்லாமல் உட்காருகிற மாதிரி ஒரு கேமிங் மெஷின். பெட்டியை அவனே தேடிப் பிடித்து வாங்கினான். படுத்தபடியே சதா அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். பவர் சப்ளை, நினைவகம், எல்லாவற்றையும் முடிவு செய்தவன், போர்டையும் அதில் உட்காரும் ப்ராசசரையும் மட்டும் அவள் தலையில் போட்டான்.

"சின்ன போர்டா தேர்ந்தெடுக்கறது உன் வேலை அக்கா. புது சாக்கெட்டா இருக்கணும். உனக்குப் போய் நான் சொல்றேன் பாரு!"

பெட்டியையும் மற்றதையும் காலையிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். "அளவு பாக்கணும்டா" என்று அவனிடம் சொன்னது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் முகத்தைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்.

அது இரண்டாவது பொய். முதல் பொய் முந்தின நாள் சொன்னது. ரிப்போர்ட் வாங்க அவள் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்த மருந்து இப்ப கேக்கலம்மா. வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம். ஆனா இனிமே மாசக் கணக்குல திட்டம் போட வேண்டாம், வாரா வாரம் பாத்துக்கலாம்" என்றார். கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. இவளோ தலையாட்டி பொம்மை மாதிரி "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள். வாரா வாரம் என்றால் என்ன அர்த்தம்? வாரத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்று அர்த்தமா, இல்லை வேறு அர்த்தமா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில், இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "ரிப்போர்ட் இன்னும் வரலடா" என்றாள்.

இப்போது மொத்த வியாபாரியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, புது சாக்கெட்டுல ரொம்பச் சின்ன போர்டு இருக்கா?"

"பெருசு எத்தனை வேணும் சொல்லு, லாரில அனுப்பறேன். சின்னதை யாரும்மா கேக்கறா? ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா?"

"பழைய சாக்கெட்டுல சின்னது ஒண்ணு கிடக்கு. நல்ல போர்டுதான், அதுக்கேத்த ப்ராசசரும் இருக்கு. வேணும்னா இப்பவே பையன்கிட்ட குடுத்து விடறேன்."

வேறு யாராவது இதே கேள்வியோடு வந்திருந்தால், "மூணு வாரம் பொறுங்க சார், குடி முழுகிப் போயிடாது" என்று சொல்லியிருப்பாள். சொல்லித் திருப்பி அனுப்பிய கதைகள் எத்தனையோ உண்டு. அந்த வார்த்தை இப்போது அவளுக்கே ஞாபகம் வந்தது. மூன்று வாரம். திங்கட்கிழமை வார்டு. அவன் வெறும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அந்த போர்டு வந்து சேரும்போது அவனுக்கு உட்கார்ந்து விளையாடத் தெம்பு இருக்குமோ என்னவோ. அதற்கு மேலும் ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் முழுசாக நினைக்காமல் பாதியிலேயே மென்று விழுங்கினாள்.

"பழசையே குடுத்து விடுங்கண்ணே" என்றாள்.

வந்த போர்டு ஒரு சாண் அகலம்கூட இல்லை. ப்ராசசரை ஓரங்களில் பிடித்து, மூலையில் இருக்கும் முக்கோணம் நேராக வருகிறதா என்று பார்த்து வைத்து, கொக்கியை அழுத்தினாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்கிற வேலைதான், ஆனாலும் இரண்டு தடவை சரிபார்த்தாள். ப்ராசசர் மேல் விசிறியைப் பொருத்தினாள், நினைவகத்தைச் செருகினாள், கிராஃபிக்ஸ் கார்டை நுழைத்தாள், கேபிள்களை மடக்கி மடக்கித் திணித்தாள். ஒரு திருகாணி உள்ளே விழுந்து போர்டுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. பெட்டியைக் குலுக்கி, கவிழ்த்து, அதையும் திட்டி, தன்னையும் திட்டி வெளியே எடுத்தாள். கடைசியாக இரண்டு பக்க மூடியையும் போட்டு எல்லாத் திருகாணியையும் இறுக்கினாள். அங்கேதான் அவள் கோட்டை விட்டாள்.

கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்வரை மூடியைப் போடமாட்டார்கள். போட்டால் கட்டாயம் ஏதாவது மக்கர் பண்ணும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு பயம். அக்காவும் தம்பியும் வீட்டில் எத்தனையோ மெஷின்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஒன்றையும் மூடி வைத்து ஓட்டியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையிலிருந்து பெட்டியை எடுத்து அவன் கட்டிலில் வைத்தாள். தம்பி அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"முடிச்சிட்டியா? நான் இல்லாமயா?"

"நீ சும்மா இரு. உனக்கு அலுப்பா இருக்கும்னு நானே முடிச்சேன்."

"மூடி வேற போட்டிருக்கே?"

"பஸ்ல தூசி விழும்ல!"

பொய் சொல்லி ஊறிய வாய் இல்லை. முகம் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் அவன் திரையை இணைத்து பொத்தானை அழுத்தினான். முதல் தடவையிலேயே உயிர் வந்தது. விசிறிச் சத்தம் காதை வைத்துக் கேட்டால்தான் கேட்டது. வழக்கமாக விளையாடும் கார்ப் பந்தயத்தைப் போட்டான். மழையில் நனைந்த சாலை, அதில் விளக்கு வெளிச்சம், எல்லாம் கண்ணாடியாகத் தெரிந்தது. "அடேயப்பா!" என்றான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாம் செய்தது சரிதான், எதற்கு இவ்வளவு பயந்தோம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு காபி போட எழுந்தாள்.

"அக்கா, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடேன்."

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது!"

"உள்ள பாக்கணும்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா, சூடா இருக்கும்."

அவன் கையை நீட்டியபடியே இருந்தான். கொடுத்தாள். நாலு திருகாணி, மூடி கையோடு வந்தது. போர்டில் எழுதியிருக்கும் பேரைப் படிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. விசிறிக்கு அடியில் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியின் வடிவத்தைப் பார்த்தாலே தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"பழைய சாக்கெட்."

"புதுசு ஸ்டாக் இல்லடா. சின்ன போர்டை யாரும் வாங்கறதில்லையாம்."

"எப்ப வருமாம்?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆறு மாசம், ஒரு வருஷம், கம்பெனியே நிறுத்திவிட்டது என்று எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். களைத்துப்போன வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"மூணு வாரம்."

"மூணு வாரந்தானே" என்றான் சாதாரணமாக. மூடியை மறுபடி வைக்கப்போனவன் கை அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"மூணு வாரம்கூட இல்லையாக்கா?"

அவள் பதறிப்போனாள். "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லடா! அப்படி யாரும் சொல்லல!" என்று ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாம் கொட்டியது. ரிப்போர்ட் வந்தது, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றியது, மருந்து கேட்காதது, புது மருந்து, வாரா வாரம், பஸ் நிறுத்தம் தப்பியது, எல்லாம்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "டாக்டர் அவ்வளவுதான் சொன்னாங்களா?"

"அவ்வளவுதான்."

"அப்ப மூணு வாரம் தாங்காதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

"நீயாத்தான்." அவனுக்குக் கோபம் வந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவளிடம் இவ்வளவு கோபமாக அவன் பேசியதே இல்லை. "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தனையும் பிடிச்சு நிறுத்தி, நாலு வருஷத்துக்குப் பாத்து வாங்குன்னு உயிரை எடுக்கறே. எனக்கு மட்டும் திங்கட்கிழமைக்கு ஓடினாப் போதுமா?"

 அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. அவன் பக்கம் தவறே இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. யாரும் கொடுக்காத கெடுவை, கூடப் பிறந்தவள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் அவளுடைய போனை எடுத்து மொத்த வியாபாரியின் எண்ணைத் தேடி, அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி மடியில் வைத்தான்.

"அண்ணே, நான் அவங்க தம்பி பேசறேன். அந்தப் புது சாக்கெட் சின்ன போர்டு, எனக்கு ஒண்ணு ஆர்டர் போட்டுடுங்க."

"மத்தியானம்தானே தம்பி பழசு ஒண்ணு அனுப்பினேன்?"

"அது வார்டுக்கு. இது வீட்டுக்கு."

"போட்டுடறேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

தம்பி திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். "இல்லண்ணே, மெதுவா வரட்டும்" என்றான். சொல்லிக்கொண்டே மூடியை எடுத்துத் தலைகீழாக வைத்து மூடப் பார்த்தான். அவன் பயந்து போயிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அவன் அப்படித்தான் சொல்லுவான். அவசரம்தான். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேணும்."

தம்பி அவளைத் தடுக்கவில்லை.