நடு நாற்காலி

இந்தத் தடவை இடது என்று சொல்லிவிடலாம். போன தடவை வலது என்று சொல்லியாயிற்று. திரும்பவும் வலது என்றால் ஸ்பீக்கர் மாட்ட வந்த முனிராஜுக்குச் சந்தேகம் வரும். அவர் கண்ணைப் பார், காவேரி. அது எந்தப் பக்கம் போகிறதோ, சத்தமும் அந்தப் பக்கம்தான்.

மாதேஷின் கண் இடது பக்கம் போய்த் திரும்பியது.

"இடது," என்றாள்.

மாதேஷ் தொடையில் தட்டிக்கொண்டார். பார்த்தாயா, என் பெண்டாட்டியின் காதை என்று முனிராஜிடம் பெருமையடித்தார். அதை அவள் அவர் உதட்டில் படித்தாள்.

அவர்கள் வீடு ஓசூருக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவில், சரிவான மனையில் இருந்தது. முன்பக்கம் சாலை மட்டத்துக்கு வீடு. பின்பக்கச் சரிவில், வீட்டுக்குக் கீழே ஓர் அறை. பேஸ்மென்ட் என்று பெரிதாகச் சொன்னாலும் ஒரு காரை நிறுத்தினால் கதவைத் திறக்க இடமிருக்காது. கொஞ்ச காலம் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். சுவரில் ஈரம் ஊற ஆரம்பித்ததும் அவர்களும் காலி செய்தார்கள். பிறகு உடைந்த மேஜை, மிச்சமான டைல்ஸ், பெங்களூரில் வேலையாகிப் போன மகள் அருணா விட்டுச்சென்ற சைக்கிள் என்று எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன.

போன மாதம் மாதேஷ் அத்தனையையும் வெளியே எடுத்தார். சுவருக்கு ஈரம் தடுக்கும் பூச்சு அடித்தார். சாலையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும் சின்ன ஜன்னலைப் பலகை வைத்து மூடினார். இங்கே ஹோம் தியேட்டர் வரப்போகிறது என்றார்.

அவர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மெஷினை இடம் மாற்றுவதற்கு முன்னால், அதே அளவில் அட்டைப் பெட்டியால் ஒன்று செய்து வைத்து, ஆள் போய்வர வழி இருக்கிறதா, கை எட்டுகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். வீட்டிலும் அதையே செய்தார். பழைய ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டிச் சாய்வு நாற்காலி. வேட்டியை இழுத்துக் கட்டித் திரை. மிக்ஸி வந்த பெட்டிகள், பின்பக்க ஸ்பீக்கர்கள். படியிலிருந்து நாற்காலி வரைக்கும் தரையில் மஞ்சள் கோடு வேறு.

"சார், இது தியேட்டரா, ஷாப் ஃப்ளோரா? ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் படம் பாக்கணுமா?" என்று முனிராஜ் முதல் நாளே கேட்டான். அத்திப்பள்ளிக்காரன். வீடுகளுக்கு கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டுகிறவன், நாற்பது வயது இருக்கும். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். துளை போடும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வான். அப்போது அவன் எது கேட்டாலும் காவேரி சிரித்துவிட்டு மேலே போய் டீ போட்டுக் கொண்டுவருவாள். அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவன் மாதேஷிடம் சொல்லியிருக்கிறான்.

இரண்டு நாளாக அவர்களுக்குள் வாக்குவாதம். மூன்று பேர் உட்காரும் சோபா போடலாம் என்றான் முனிராஜ். அதைப் போட்டால் நடக்க வழி இருக்காது, இரண்டு நாற்காலிதான் என்றார் மாதேஷ். இரண்டையும் சமமாக வைத்தால் யாருக்குமே சத்தம் சரியாக வராது, சின்ன அறையில் நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று அவன் சாக்பீஸால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"அப்ப அது அவளுக்கு," என்றார் மாதேஷ்.

"நீங்க சார்?"

"நான் பக்கத்துல. எனக்கு ஒரு காது போதும்."

அந்தப் பெருக்கல் குறியின் மேல் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் காவேரி இப்போது உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு நிஜ ஸ்பீக்கர்கள். மூலையில் ஸ்டூல் உயரத்துக்குப் பெரிய கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியை மட்டும் முனிராஜ் ஓட்டியபோது அவளுக்கு உள்ளங்கால் வழியே ஏறி நெஞ்சுக்கூடு வரை அதிர்ந்தது. இது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவள் தானாகவே சொன்னாள். அந்தக் காலையில் அவள் பொய்யில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். மாதேஷின் முகம் மலர்ந்துபோனது.

கல்லாவியிலிருந்து வந்து, கல்யாணத்துக்கு முன்பே அவள் அதே தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தகடு வெட்டும் மெஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினாலும் பயனில்லை. உதட்டை அசைத்தால் போதும், மூன்று மெஷின் தள்ளி நிற்பவளுக்கும் புரியும். மாமியார் சண்டை, சீட்டு, மாதவிடாய், சினிமா, எல்லாம் உதட்டில்தான். புதிதாக வந்த சூப்பர்வைசர் மாதேஷ் அவளிடம் முதன்முதலாகப் பேசியதும் அப்படித்தான். தூண் பக்கத்தில் நின்று, குரலே இல்லாமல், "சாப்டியா?" என்றார். இல்லை என்று அவளும் உதட்டாலேயே சொன்னாள்.

அதனால் காது எப்போது போனது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை வேனில் வந்து காது பார்ப்பார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிந்த டெஸ்ட் எடுப்பவரின் விரலைப் பார்த்து அவள் அமுக்கினாள். வேலையை விட்டு வெளியே வந்தால் காது திரும்பிவிடும் என்று நம்பினாள். வெளியே வந்தாள். லாரி ஹாரன் கேட்டது. கிரைண்டரின் உறுமல் கேட்டது. மனிதர்களின் பேச்சு மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ முனகுவதைப் போல ஆகிவிட்டது. வெளிச்சமும் ஒரு முகமும் இருந்தால் அவளால் எதையும் சமாளிக்க முடிந்தது.

காது கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. சொன்னால் அவர் அந்த ராத்திரியை நினைத்துப் பார்ப்பார். அதுதான் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாதேஷுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பெங்களூர் ஆஸ்பத்திரியில், மறுநாள் காலை ஆபரேஷன் என்றிருந்த அன்று, நன்றாகத் தூங்கட்டும் என்று நர்ஸ் சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இருட்டில் மாதேஷ் அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வெளிச்சத்தில் அவர் மனம் விட்டுப் பேசி அவள் பார்த்ததேயில்லை. மகள் பிறந்தபோதுகூடக் குழந்தையின் எடை என்ன என்றுதான் கேட்டார். அந்த மனிதர் அன்று நிறுத்தாமல் பேசினார். அவள் உள்ளங்கையில் அவர் குரல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை அழுதார். அது கையில் வேறு மாதிரி அதிர்ந்தது. ஒரு சொல்லும் அவளுக்கு வந்து சேரவில்லை.

எழுந்து விளக்கைப் போட்டிருக்கலாம். போட்டால் அவர் நிறுத்திவிடுவார் என்று தெரியும். நாளைக்கு என்ன ஆகுமோ, சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தாள். அதிர்வு நின்ற இடங்களிலெல்லாம் 'ம்' என்றாள்.

காலையில் தள்ளுவண்டியில் ஏற்றும்போது, "எல்லாம் சொல்லிட்டேன். நீயும் சரின்னுட்ட. இனி என்ன ஆனாலும் பரவால்ல," என்று சிரித்தார்.

அவர் பிழைத்து வந்தார். வேறு ஆளாகவே வந்தார். எதையோ இறக்கி வைத்தவரைப் போலத் தூங்கினார், சாப்பிட்டார். எப்போதாவது, அன்றைக்குச் சொன்னேனே என்பார். அவள் தலையாட்டுவாள். பேஸ்மென்ட்டைச் சுத்தம் செய்த அன்று, "சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல," என்றார். அப்போதுதான் அந்த இரவில் சொன்னவற்றில் ஒன்று இந்த அறை என்று அவளுக்குத் தெரிந்தது. மற்றவற்றையும் அவர் ஒவ்வொன்றாகச் செய்தால்தான் தெரியும். செய்வதற்கு எதுவும் இல்லாத, சொல்ல மட்டுமே முடிகிற பேச்சு என்றால் அது போனதுதான். சில நாள் பாத்திரம் தேய்க்கும்போது அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

முனிராஜ் எதையோ கன்னடத்தில் சொன்னான். கன்னடம் உதட்டில் அவளுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. மாதேஷைப் பார்த்தாள்.

"லைட்ட அணைச்சுப் பாக்கலாம்ங்கிறான். தியேட்டர் மாதிரி. நீ கண்ண மூடிக்கிட்டு எந்தப் பக்கம்னு சொல்லு."

சுவிட்ச் மாதேஷ் பக்கம்தான் இருந்தது. அவள் ஏதாவது சொல்வதற்குள் அணைத்துவிட்டார்.

ஜன்னலையும் மூடியிருந்ததால் அப்படி ஒரு இருட்டு. சுவருக்கும் கூரைக்கும் கறுப்பு அடிக்கப்போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அடித்த பிறகு இங்கே ஒவ்வொரு மாலையும் இப்படித்தான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் அவர் இருப்பார், ஏதாவது சொல்வார், அவள் 'ம்' என்பாள். கையை நீட்டினாள். எதுவும் தட்டுப்படவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியவில்லை. தரையிலும் அதிர்வில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வலது," என்றாள்.

பதில் வந்ததா, தெரியாது.

"வலது பக்கந்தாங்க. நல்லா கேக்குது."

விளக்கு எரிந்தது. முனிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் ஒயர் ஒன்று கழன்று தொங்கியது.

"இன்னும் போடவே இல்ல அக்கா. பின்னு பிச்சுக்கிச்சு. போடாத பாட்டு உங்களுக்கு மட்டும் கேக்குதே!"

மாதேஷும் சிரித்தார். காவேரியும் சிரித்தாள். அப்புறம் மாதேஷின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தொழிற்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்று தோன்றினால் அவர் முகம் அப்படித்தான் ஆகும். வேறு பின் வாங்கிவரச் சொல்லி முனிராஜைக் கடைக்கு அனுப்பினார். படியில் அவன் கால்கள் மேலே போய் மறைந்தன.

மாதேஷ் வேட்டித் திரைக்குப் பக்கத்தில் போய், அவளைப் பார்த்தபடி நின்றார்.

"சாப்டியா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க. நீங்கதான் மொதல்ல சாப்டணும், மாத்திர இருக்குல்ல," என்றாள் காவேரி.

அவர் அப்படியே நின்றார். அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோவதை அவள் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

அவர் பக்கத்தில் வந்து, அவள் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக உதட்டைப் பிரித்துச் சொன்னார்.

"நான் சத்தமே உடல, காவேரி."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

எத்தனை நாளாக என்று கேட்டார். அஞ்சாறு வருஷம் இருக்கும் என்றாள். அவர் கண் அவளை விட்டு நகர்ந்து, அட்டை நாற்காலி, மஞ்சள் கோடு, சாக்பீஸ் குறி என்று ஒவ்வொன்றாகப் போய் ஓரிடத்தில் நின்றது. எங்கே போய் நின்றது என்று அவளுக்குத் தெரியும். இந்த நிமிடத்துக்குப் பயந்துதான் எத்தனையோ வலதும் இடதும் சொல்லியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரில," என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"ம் ம்முனு சொன்னியே."

"நீங்க சொல்லி முடிக்கணும்னுதாங்க."

"ஒண்ணுமேவா?"

"உங்க நெஞ்சு ஆடுனது தெரிஞ்சுது. அழுதது தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததால் உதடு மறைந்தது. அப்படியே ஏதாவது சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். அவர் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப சொல்லுங்க. உங்களையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தகூட உடமாட்டேன்."

மாதேஷ் வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமுவது தெரிந்தது. மறுபடி திறந்தார். அவள் பெயரின் முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்டவரைப் போல வியர்த்துப்போனார்.

"முடியல," என்றார் கடைசியில். "இப்பிடி நீ பாத்துக்கிட்டிருந்தா எனக்கு வர மாட்டேங்குது. அது அன்னிக்கு வந்துது. இருட்டுல வந்துது."

"மெதுவா சொல்லுங்க."

"லைட்ட அணைச்சிடறேன் காவேரி. காதுகிட்ட வந்து, நல்லா கத்தியே சொல்றேன். ஒரு தரம். எனக்காக."

அவர் எழுந்தார். கத்தினாலும் முனகல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது. உள்ளங்கையில் இன்னொரு முறை அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு, அவர் நிறுத்தும் இடங்களில் 'ம்' என்று சொல்லிவிடலாம். கேட்டது என்றுகூடச் சொல்லலாம். அவர் நம்புவார். திரும்பவும் நிம்மதியாகத் தூங்குவார். அவளால் அது முடியும். அவ்வளவு பழக்கம்.

காவேரி எழுந்து, மஞ்சள் கோட்டைக் குறுக்கே கடந்து, அவருக்கு முன்னால் சுவர் ஓரம் போய்ச் சுவிட்சின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள். "லைட் இருக்கட்டும்."

அவர் கை வந்து அவள் கையின் மேல் நின்றது. அவள் எடுக்கவில்லை.