மஞ்சள் முனை

உருக்கைப் பற்றி அவர் படிக்காதது எதுவும் இல்லை. உருக்கை வாங்கியதுதான் இல்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்பு புரட்டிவிட்டு, மாலையில் கத்தி செய்வது எப்படி என்று படிப்பார். எதில் கார்பன் எவ்வளவு, எதை எந்தச் சூட்டில் காய்ச்ச வேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே, அந்தக் கொறடு என்ன உருக்கு என்று கேட்டவர் அவர். கத்தி மட்டும் இன்னும் ஒன்றும் செய்தபாடில்லை.

அதற்குள் பால்கனி பறிபோயிருந்தது. செங்கற்கள், கேஸ் டார்ச், இரும்பைக் கவ்விப் பிடிக்க மேசையில் முடுக்கிய வைஸ், அளவுக்கு ஒன்றாக அரங்கள். துணி காயும் கொடி அவிழ்க்கப்பட்டு, ஈரத் துணிகள் படுக்கையறைக் கதவில் தொங்கின.

ஒரு நாள் முகத்தில் ஈரத் தலையணை உறை உரச, மனைவி பேச்சை முடித்துவிட்டாள்.

"அடுத்த மாசம் என் தங்கச்சி வர்றா. அதுக்குள்ள ஒரு கத்தி செஞ்சு காட்டுங்க. அது ஒரு வெங்காயம் வெட்டணும். இல்லேன்னா பால்கனி எனக்கு."

"ஒரு வெங்காயம் போதுமா?"

"ஒண்ணே ஒண்ணு. நான் என்ன பேராசைக்காரியா?"

அவர் ஒப்புக்கொண்டார். கிட்டாரும் மீன் தொட்டியும் இதே வழியாகத்தான் வீட்டைவிட்டுப் போயின. கத்தியும் போனால், எதையும் முடிக்காத மனுஷன் என்று ஊர் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிக்கொள்வார்.

முதலில் உயர்ந்த ரகத் துருப்பிடிக்காத உருக்கின்மேல்தான் கண். அதற்குச் சூடு குறையாமல் நிற்கும் உலை வேண்டும். அவரிடம் இருந்தது நாலு செங்கல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சாதாரண கார்பன் உருக்கை வாங்கட்டும், அது தவறுகளை மன்னிக்கும் என்று எல்லாருமே எழுதியிருந்தார்கள். அவரை நேரில் பார்த்தே எழுதியது போலிருந்தது.

இரும்புக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கேட் பண்ணவா சார், கிரில் பண்ணவா?"

"கத்தி பண்ண."

கடைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வெங்காயம் வெட்ட" என்றார் இவர் அவசரமாக.

கார்பன் உருக்கில் ஒரு பட்டை, பழகிப் பார்க்கச் சாதா இரும்பில் ஒரு பட்டை. அதே அகலம், அதே கனம், அதே நீளம். உருக்கின் ஒரு முனையில் மட்டும் மஞ்சள் பெயிண்ட். அதைத் தொட்டுக் காட்டி அவர் கடைக்காரருக்கே பாடம் எடுத்தார்.

"இந்த மஞ்சள்தான் அடையாளம். எப்பவும் மறு முனையிலேருந்துதான் வெட்டணும். மஞ்சள் போச்சுன்னா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் வெட்டுறதில்ல சார், விக்கிறேன்."

வீட்டில் மனைவிக்கும் அதே பாடம் நடந்தது. பட்டைகளைச் சாய்த்த இடத்தில் துரு உதிர்ந்தது. மனைவி வாய் திறக்கும் முன்பே முந்திக்கொள்ள நினைத்து, ஒரு விடுமுறைக் காலையில் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. அந்த முனை முதல் இந்த முனை வரை, இரண்டு பட்டைகளையும் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசித்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

அப்போதுதான் மஞ்சளைத் தேடினார். எந்த முனையிலும் இல்லை.

எடை இரண்டுக்கும் ஒன்றே. காந்தம் இரண்டையும் கவ்வியது. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: உருக்கு பதமேறி ஒடியும், சாதா இரும்பு வளையும். ஆனால் டார்ச்சைப் பற்றவைத்தால் எதற்கு என்று அவள் கேட்பாள். சொன்னால் பால்கனி அன்றைக்கே போகும். ஆகவே இரண்டையும் தரையில் தட்டிக் காதால் கேட்டார். ஒன்று கொஞ்சம் கம்பீரமாக ஒலித்தது. அத்தனை படிப்பும் கடைசியில் தேங்காய் வாங்குகிற வித்தையில் வந்து நின்றது.

கம்பீரமானதை அறுத்தார். மாலைதோறும் அராவினார். கை கொப்பளித்தது, இரும்பு மெல்ல மெல்லக் கத்தியின் சாயலுக்கு வந்தது. தங்கை வருவதற்கு முந்தைய நாள் செங்கல்களுக்கு நடுவே வைத்துச் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். காந்தம் ஒட்டவில்லை, சூடு சரி. எண்ணெயில் முக்கினார். ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தார். பதம் ஏறியிருந்தால் அரம் வழுக்கும்.

அரம் வழுக்கவில்லை. சோப்பில் இறங்குவது போல இறங்கியது.

இனி இன்னொன்று செய்ய நேரமில்லை. இருந்ததையே கல்லில் தீட்டு தீட்டென்று தீட்டினார்.

மறுநாள் மச்சினி செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "எங்க அத்தான் அந்த வீரவாள்?"

மனைவி ஒரு வெங்காயத்தை நடுவில் வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். வெங்காயம் சுத்தமாக இரண்டானது. அவர் கண்ணில் நீர். வெங்காயம்தான் காரணம் என்று சொல்ல வசதியாக இருந்தது.

"அட, வெட்டுதுக்கா! குடுங்க அத்தான்."

"ஒரு வெங்காயம்னுதான் பேச்சு" என்று அவர் கத்தியைப் பின்னால் இழுத்தார். அதற்குள் பிடுங்கிவிட்டாள். கேரட்டின்மேல் அழுத்தினாள். பலகையில் மோதிக் கத்தியின் வாய் மடங்கியது. கத்தியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அத்தான், சிரிக்குது?"

அவர் விளக்கத் தொடங்கினார். "அது வந்து, காய்ச்சும்போது காத்து பட்டா, சில உருக்குக்கு..."

"மஞ்சளைத் தேய்ச்சுட்டீங்க" என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னைக்குத் தரையெல்லாம் மஞ்சப் பொடி. இந்த வீட்டுல பெருக்குறது யாரு? நான்தானே. எப்ப சொல்றீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"அப்போ பால்கனி?"

"ஒரு வெங்காயம்னு சொன்னேன், வெட்டிட்டீங்க. அதுக்குப் பாதி. மூடி மறைச்சதுக்கு மீதி பாதி எனக்கு."

அன்று மாலையே பாதிப் பால்கனியில் கொடி ஏறியது. இனி உருக்கு எது என்பதில் சந்தேகமில்லை: மிஞ்சிய முழுப் பட்டை. மனைவி நெயில் பாலிஷ் கொண்டுவந்து அதன் ஒரு முனையில் சிவப்பாகப் பூசி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள்.

அவர் அதை வைஸில் மாட்டினார். சொட்டும் துணிகளுக்குக் கீழே குனிந்து, சிவப்பை ஒட்டி ரம்பத்தை வைத்து முதல் இழுப்பு இழுத்தார்.

"அந்தப் பக்கம்" என்றாள் அவள்.